மேற்கோட் சுட்டும் ஆசிரியத்துவமும்: திருகோணமலை வரலாற்றியலை முன்வைத்து ஒரு நோக்கு

1

ஆய்வாளர் ஒருவர் தமக்கு முன் எழுதியோரின் கருத்துக்களை எடுத்தாளுமிடத்து அவற்றின் மூலத்தைச் சுட்டுவது ஆய்வறத்தின் பாற்பட்டது. ஆயின், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இச்சுட்டுதல் வேறொரு பணியையும் ஆற்றத் தொடங்கியுள்ளது. ஒரு கட்டுரையை எத்தனை பேர் சுட்டியுள்ளனர் என எண்ணி, அவ்வெண்ணைக் கொண்டு கட்டுரையின் தகுதியையும், எழுதியவரின் தகுதியையும், அது வெளிவந்த சஞ்சிகையின் தகுதியையும் நிர்ணயிக்கும் முறை உலகப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிவிட்டது. நியமனமும் பதவியுயர்வும் ஆய்வு நிதியும் இவ்வெண்களோடு பிணைக்கப்பட்டுள்ளன.

இம்முறையின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் பொருத்தமானதாகும். அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்புக்களைப் பின்னெழுந்த தீர்ப்புக்கள் எவ்வாறு சுட்டின என்பதைத் தொகுக்கும் பணியை 1873ஆம் ஆண்டு பிராங் செப்பேட் தொடங்கினார். ஒரு தீர்ப்பு இன்னும் செல்லுபடியாகின்றதா, பின்னர் மறுக்கப்பட்டுவிட்டதா என்பதைச் சட்டத்தரணிகள் அறிய வேண்டியிருந்தமையே அதற்குக் காரணம். இவ்வெண்ணத்தை அறிவியற் கட்டுரைகளுக்குப் பொருத்திக் காட்டியவர் யூஜின் காபீல்ட். 1955இல் அவர் எழுதிய கட்டுரையில், பிழைபட்டனவும் வழக்கொழிந்தனவுமான தரவுகளை ஆராயாது எடுத்தாளும் போக்கைத் தடுப்பது தமது திட்டத்தின் பயன்களுள் ஒன்றெனக் கூறினார். 1960களின் முற்பகுதியில் அவர் வெளியிட்ட அறிவியல் மேற்கோட் சுட்டி இத்துறைக்கு அடித்தளமாயிற்று. அதற்கு முன்னரே, 1948இல், சீர்காழியிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய சீ. இரா. அரங்கநாதன், நூலகப் பணிகளுக்குப் புள்ளியியல் முறைகளைப் பயன்படுத்தும் தனித்துறை ஒன்று வேண்டுமென இங்கிலாந்தில் நடைபெற்ற மாநாடொன்றில் முன்மொழிந்தமை நினைவிற்குரியது.

இங்கு கருதவேண்டிய விடயம் ஒன்றுண்டு. செப்பேட்டும் காபீல்டும் தொடங்கியபோது நோக்கம் வழித்தடத்தைக் காண்பது. ஒரு கூற்று எங்கிருந்து வந்தது, பின்னர் அதற்கு என்ன நேர்ந்தது என்பதை அறிவது. நாளடைவில் தடம் பின்தள்ளப்பட்டு எண்ணிக்கை முதன்மை பெற்றது. 1975 முதல் வெளிவந்த சஞ்சிகை மேற்கோள் அறிக்கைகளும், 2005இல் ஹேர்ஷ் என்ற இயற்பியலறிஞர் வகுத்த குறியெண்ணும் இப்போக்கினை உறுதிப்படுத்தின.

எண்ணுவதற்கும் தடங்காண்பதற்கும் இடையேயுள்ள வேறுபாடு எத்தகைய விளைவுகளை உடையது? இதனை அறிய அறிவியற் கூடங்களுக்குச் செல்ல வேண்டியதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தையும் அதனைச் சூழ்ந்த பிரதேசத்தையும் பற்றி எழுதப்பட்ட வரலாறே தக்க சான்றாகின்றது.

2

திருகோணமலை வரலாறு பற்றிய தமிழ் நூல்களிற் பெரும்பாலானவை குளக்கோட்டன் என்ற மன்னனிலிருந்தே தொடங்குகின்றன. கோணேசர் ஆலயத்திற்குத் திருப்பணி செய்தவனும், கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்தவனும், ஆலயத் தொண்டுக்கெனக் குடிகளைக் கொணர்ந்து இருத்தியவனும் இவனே என மரபு கூறும். இச்செய்திகளுக்கு மூலமாகப் பெரிதும் சுட்டப்படுவது கவிராசவரோதயன் இயற்றியதாகக் கூறப்படும் கோணேசர் கல்வெட்டு என்னும் நூலாகும்.

பெயரே முதற் சிக்கலைத் தோற்றுவிக்கின்றது. கோணேசர் கல்வெட்டு கல்லில் வெட்டப்பட்டதன்று. செய்யுளும் உரைநடையும் விரவிய ஏட்டு நூல். கிழக்கிலங்கை ஏட்டு மரபில் ஆலய ஒழுங்குகளையும் குடிகளின் கடமைகளையும் கூறும் நூல்கள் கல்வெட்டு எனப் பெயர் பெறுதல் உண்டு. இவ்வழக்கினை அறியாத ஒருவர் அந்நூற்பெயரை மட்டும் கண்டு, அதனைச் சாசனச் சான்றாகக் கணக்கிடுவாராயின், பிற்கால இலக்கியம் ஒன்று சமகாலக் கல்லெழுத்தின் தகுதியைப் பெற்றுவிடும். சுட்டியை எண்ணும் முறை இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணாது.

அடுத்தது காலம் பற்றிய சிக்கல். கோணேசர் கல்வெட்டு குளக்கோட்டனைக் கலியுகம் 512ஆம் ஆண்டிற்கு உரியவனாகக் கூறுகின்றது. இது கிறித்துவுக்கு முன் 2590 அளவில் அமையும். பதினெட்டாம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை அவனைச் சகவருடக் கணக்கிற் குறிப்பிடுகின்றது. பிற்கால நூல்கள் பலவற்றிற் காணப்படும் கி. பி. 436 என்ற ஆண்டு இக்கணக்கின் வழிவந்ததே. மூன்றாவதாக, பிரெட்றிக் கோட்டையிற் கிடைத்த வடமொழிச் சாசனம் ஒன்று சகம் 1145இல், அதாவது கி. பி. 1223இல், சோடகங்கன் என்பான் கோகர்ணத்திற்கு வந்தமை பற்றிக் கூறுகின்றது. இச்சோடகங்கனே மரபிற் குளக்கோட்டனாக நினைவுகூரப்படுகின்றான் என்பது வரலாற்றாசிரியர் சிலரின் கருத்து.

ஒரே மன்னனுக்கு மூவாயிரத்து எண்ணூறு ஆண்டு இடைவெளியில் மூன்று காலங்கள். இவற்றுள் எது ஏற்புடையது என்பதை, எத்தனை நூல்கள் எதனைச் சுட்டின என்று எண்ணித் தீர்மானிக்க இயலுமா? எண்ணினால் 436 முன்னிற்கக் கூடும். ஏனெனில் அச்சேறிய நூல்கள் ஒன்றையொன்று பார்த்து அதனை எழுதி வந்துள்ளன. ஆனால் இருபது நூல்கள் ஒரே மூலத்தைச் சுட்டுமாயின் அவை இருபது சான்றுகள் ஆகா. மூலம் ஒன்றாயின் சான்றும் ஒன்றே.

இவ்வுண்மை நம்மிடையே முன்னரே உணரப்பட்டுள்ளது. சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமர்சனம், வைபவமாலையின் செய்திகள் எவ்வெந்நூல்களிலிருந்து பெறப்பட்டன, எவ்வெவ்விடங்களில் அவை மயங்கின என்று ஆராய முற்பட்டது. வைபவமாலையே தனது மூலங்களாகக் கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியவற்றைப் பெயர் கூறிச் சுட்டுகின்றது. தமிழர் வரலாற்று நூல்களில் மூலஞ்சுட்டும் வழக்கம் மேனாட்டாரிடமிருந்து மட்டும் வந்ததன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகும். அவற்றுட் பின்னிரண்டும் இன்று நமக்குக் கிட்டவில்லை. சுட்டு எஞ்சி, சுட்டப்பட்டது மறைந்த நிலை இது.

3

மூலம் மறைந்துபோதல் ஒருபுறமிருக்க, மூலமும் வழிநூலும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் நிலையும் உண்டு. பிரெட்றிக் கோட்டை வாயிற் கல்லில் இணைக்கயற் சின்னத்துடன் பொறிக்கப்பட்ட தமிழ்ச் சாசனம் இதற்கு உதாரணமாகும். குளக்கோட்டன் முன்னர்ச் செய்த திருப்பணியைப் பின்னர்ப் பறங்கியர் குலைப்பர் எனத் தீர்க்கதரிசனமாக அமைந்த செய்யுளே இதில் உள்ளதெனக் கொள்ளப்படுகின்றது. 1620களின் முற்பகுதியில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா ஆலயத்தை இடித்து அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டுவித்தான். அவ்வழிவின் துயரத்தை மக்கள் நினைவிற் பதித்த செய்யுள் அது. 1687 அளவில் குவேறோஸ் பாதிரியார் எழுதி முடித்த போர்த்துக்கேய வரலாற்று நூலிலும் இத்தகைய தீர்க்கதரிசனம் பற்றிய குறிப்பு உண்டு.

ஆயினும், அக்கல்லின் எழுத்துக்கள் பெரிதும் சிதைந்துள்ளன. முழு வாசகம் என நூல்களில் அச்சிடப்படுவது, ஏட்டிலும் வாய்மொழியிலும் வழங்கிய செய்யுளைக் கொண்டு இடைவெளிகளை நிரப்பிப் பெற்றதாகும். பின்னர், அச்செய்யுளின் பழைமைக்கு ஆதாரமாக அக்கல்லே காட்டப்படுகின்றது. செய்யுளைக் கொண்டு கல்லை வாசித்து, கல்லைக் கொண்டு செய்யுளை நிறுவுதல் வட்டவாதமாகும். மேற்கோட் சுட்டிகளை வரைபடமாக அமைப்பின் அங்கு இரண்டு தனித்தனிச் சான்றுகள் இணைந்திருப்பன போலவே தோன்றும்.

1964இல் காபீல்டும் அவர்தம் உடனுழைப்பாளரும் மரபணுவியல் வரலாற்றை மேற்கோட் சுட்டுக்களின் வலையமைப்பாக வரைந்து, ஐசாக் அசிமோவ் எழுதியிருந்த வரலாற்றுடன் ஒப்பிட்டனர். பயன்மிக்க முயற்சியே அது. ஆயினும் மெண்டலின் கண்டுபிடிப்பு 1866இல் அச்சாகியும் 1900 வரை பெரிதும் கவனிக்கப்படாதிருந்தது. அவ்விடைக்காலத்தில் எண்ணிக்கை அதன் தகுதியை எவ்வாறு காட்டியிருக்கும்? 1965இல் டெரெக் டி சொல்லா பிரைஸ், எந்தவோர் ஆண்டிலும் அதுவரை வெளிவந்த கட்டுரைகளுள் ஏறத்தாழ 35 விழுக்காடு ஒருமுறையேனும் சுட்டப்படுவதில்லை எனக் கணித்தார். 1968இல் சமூகவியலறிஞர் ரொபேட் மேட்டன், பெயர் பெற்றோர்க்கே மேலும் பெயர் சேரும் போக்கினை விளக்கினார். ஆகவே, சுட்டப்படாமை தகுதியின்மையின் அடையாளமன்று. மிகுதியாகச் சுட்டப்படுதல் மெய்ம்மையின் அடையாளமுமன்று.

4

இனி, வழிவழி வந்த நூல்களின் வட்டத்திற்கு வெளியே நிற்கும் சான்றுகளை நோக்குவோம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோணமாமலையைப் பாடியுள்ளார். 1970களில் பேராதனையிலிருந்து செ. குணசிங்கம் வெளியிட்ட சாசனங்கள் மேலும் தெளிவு தந்தன. நிலாவெளிச் சாசனம் கோணமாமலையின் மச்சகேஸ்வரத்து மகாதேவர்க்கு 250 வேலி நிலம் அளிக்கப்பட்டமையைக் கூறுகின்றது. மானாங்கேணிச் சாசனம் சோழ இலங்கேஸ்வரதேவன் காலத்து ஆலயப் பணியொன்றைக் குறிப்பிடுகின்றது. சம்பந்தர் பதிகத்திலோ இவ்விரு சாசனங்களிலோ குளக்கோட்டன் என்ற பெயர் இல்லை. ஆலயத்தின் தொன்மை இதனாற் குறைவுபடவில்லை. மாறாக, மரபுக் கதையின் துணையின்றியே அது நிலைநாட்டப்படுகின்றது. ஆலயத்தின் தொன்மையும் குளக்கோட்டனின் காலமும் இருவேறு வினாக்கள்.

இவ்வேறுபாட்டினை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. திருகோணமலையில் வரலாறு ஏட்டுக் கல்வியோடு நின்றுவிடுவதில்லை. நிலம், குடியேற்றம், வழிபாட்டிடம் என்பன பற்றிய பிணக்குகளில் வரலாற்று நூல்களே ஆவணங்களாக நீட்டப்படுகின்றன. ஒரு சாரார் மகாவம்சத்தைச் சுட்டி, மகாசேன மன்னன் கோகர்ணத்தில் விகாரை அமைத்தான் என்பர். அதே பகுதி, அவன் தேவாலயங்களை அழித்தபின் விகாரைகளை அமைத்தமையைக் கூறுவது பெரும்பாலும் விடுபட்டுப்போகும். மறுசாரார் கோணேசர் கல்வெட்டைச் சுட்டிக் கலியுகம் 512இலிருந்து தொடங்குவர். ஒவ்வொரு சாராரும் தத்தம் வட்டத்தினுள்ளேயே மேற்கோள் காட்டுவர். ஒவ்வொரு வட்டத்திலும் எண்ணிக்கை பெருகும். வட்டங்கள் ஒன்றையொன்று தொடா.

இவ்விரு வட்டங்களுக்கும் இடையில் நிற்கும் சான்று ஒன்று திருகோணமலை நகருக்கு வடமேற்கே, பெரியகுளத்தருகே உள்ளது. வெல்கம் விகாரை என்ற அப்பௌத்தப் பள்ளி, சோழராட்சிக் காலத்தில் இராசராசப்பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றிருந்தது. 1950களில் அங்கு நடைபெற்ற அகழ்வுகளின் பயனாகப் பத்துக்கும் மேற்பட்ட தமிழ்ச் சாசனங்கள் வெளிப்பட்டன. தமிழில் எழுதுவித்தோர் பௌத்தப் பள்ளிக்கு விளக்கும் பசுவும் பொருளும் அளித்தமையை அவை கூறுகின்றன. பௌத்தம் ஓரினத்திற்கே உரியதென்ற கருத்தோடும் தமிழர் அனைவரும் என்றும் சைவரே என்ற கருத்தோடும் இச்சாசனங்கள் பொருந்தா. எவருக்கு இது வசதியாக இல்லையோ அவர் இதனைச் சுட்டாது விடுதல் இயல்பு. ஒரு சான்று ஏன் சுட்டப்படுவதில்லை என்ற வினாவை எந்தச் சுட்டெண்ணும் எழுப்புவதில்லை. ஆய்வாளனே எழுப்ப வேண்டும்.

5

ஆசிரியத்துவம் பற்றிய சிக்கலும் இதற்குக் குறைந்ததன்று. திருகோணமலைத் தலபுராணமாகிய தட்சிண கைலாச புராணத்தை யாழ்ப்பாணத்து அரசனாகிய செகராசசேகரன் இயற்றினான் என்பாரும், பண்டிதராசர் இயற்றினார் என்பாரும் உளர். அரசவையிற் புலவன் பாட, அரசன் பெயரால் நூல் வழங்குதல் நிலமானிய சமூகத்தில் இயல்பானதே. ஏடெழுதியோர், பிழை திருத்தியோர், இடைச்செய்யுள் சேர்த்தோர் ஆகியோரின் உழைப்பெல்லாம் ஒரு பெயருக்குள் மறைந்தன. ஒருவர் ஒரு நூல் என்ற இன்றைய கணக்கு இத்தகைய கூட்டு உழைப்பை அளக்க வல்லதன்று.

அச்சுக் காலத்து ஆசிரியர்க்கும் இடர் உண்டு. திருகோணமலை தந்த அறிஞருள் தி. த. கனகசுந்தரம்பிள்ளை (1863-1922), தி. த. சரவணமுத்துப்பிள்ளை (1865-1902) ஆகிய சகோதரர் இருவரும் சென்னையிற் பணியாற்றியவர்கள். மூத்தவர் தமிழ் நாவலர் சரிதையைப் பதிப்பித்தவர். இளையவர் 1895இல் வெளிவந்த மோகனாங்கி என்னும் வரலாற்று நாவலின் ஆசிரியர். இருவரின் தலைப்பெழுத்துக்களும் ஊரையும் தந்தையையும் குறிப்பன. இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்ளும் மேனாட்டுச் சுட்டிமுறை இவர்களைப் பிள்ளை என்ற தலைப்பின்கீழ், நூற்றுக்கணக்கான பிற பிள்ளைகளோடு நிரற்படுத்தும். பெயரைச் சேர்த்தெழுதினால் ஓரிடத்திலும், பிரித்தெழுதினால் மற்றோரிடத்திலுமாக ஒருவரே இருவராதலும் கூடும். நிலாவெளிச் சாசனத்தை வெளியிட்ட செ. குணசிங்கமும், இலங்கைத் தமிழர் வரலாற்று மூலங்களைத் தொகுத்த நூலகர் முருகர் குணசிங்கமும் வேறு வேறானவர். ஒரே துறையிலான இவ்விருவரையும் ஒருவராகக் கொள்ள ஓர் எழுத்துப் பிழை போதும். ஆய்வாளர் ஒவ்வொருவர்க்கும் நிலையான எண் வழங்கும் பன்னாட்டுத் திட்டம் 2012இல் தொடங்கியது உண்மையே. எனினும் மறைந்தோர் அதிற் பதிவுசெய்துகொள்ள முடியாது.

மொழியும் இங்கு தடையாகின்றது. பன்னாட்டுச் சுட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலச் சஞ்சிகைகளையே எண்ணுகின்றன. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க மலர்களிலும், ஆலயக் கும்பாபிடேக மலர்களிலும், பிரதேச சாகித்திய விழா மலர்களிலும் வெளிவந்த கட்டுரைகள் அவ்வெண்ணிக்கையில் இடம்பெறுவது அரிது. ஆனால் திருகோணமலையின் ஏடுகளையும் சாசனங்களையும் பற்றிய முதற் குறிப்புக்கள் பலவற்றுக்கு இடமளித்தவை இத்தகைய வெளியீடுகளே. அக்குறிப்பினைப் பயன்படுத்தி ஒருவர் ஆங்கிலத்தில் எழுதுவாராயின் பின்வருவோர் ஆங்கிலக் கட்டுரையையே சுட்டுவர். மூலத்தைக் கண்டவர் கணக்கிலிருந்து நீங்குவார். மூலப்பொருள் ஓரிடத்திலும் இலாபம் வேறிடத்திலுமாகச் சேரும் குடியேற்ற நாட்டுப் பொருளாதாரத்தின் சாயலை இங்கும் காணலாம்.

6

இறுதியாக, மேற்கோள் என்பது சமூக உறவுகளிலிருந்து பிரிக்கக் கூடியதன்று என்பதைக் கருத வேண்டும். கோணேசர் கல்வெட்டின் பெரும்பகுதி ஆலயத்தில் யார் யார் என்னென்ன தொண்டு செய்ய வேண்டும், யார் எதனைக் கொடுக்க வேண்டும் என்பதைக் கூறுவதாகும். தானத்தார், வரிப்பத்தார், வன்னிபம் முதலியோரின் உரிமைகளும் கடமைகளும் அதில் வகுக்கப்பட்டுள்ளன. இக்கடமைகளை ஏற்படுத்தியவன் கலியுகத் தொடக்கத்து மன்னன் எனச் சுட்டுவதன் பயன் யாது? காலம் பின்னோக்கிச் செல்லச் செல்லக் கடமை கேள்விக்கு அப்பாற்பட்டதாகின்றது. இக்கோணத்தில் நோக்குமிடத்து, கலியுகம் 512 வெறும் காலக்கணிப்புப் பிழையன்று. அதிகாரத்தை நிலைநிறுத்திய மேற்கோள் எனலாம்.

கந்தளாய்க் குளத்தையும் இவ்வாறே நோக்கலாம். தமிழ் மரபு அதனைக் குளக்கோட்டனுக்கும், சூளவம்சம் இரண்டாம் அக்கபோதிக்கும் உரியதாக்குகின்றன. எந்த மன்னன் ஆசிரியன் என்று இரு மரபுகளும் வாதிடுகையில், மண் சுமந்து அணை கட்டியோரும் தலைமுறை தலைமுறையாக அதனைப் பேணியோரும் எந்த மேற்கோளிலும் இல்லை. 1986 ஏப்பிரல் 20ஆம் நாள் அணை உடைந்தபோது உயிரிழந்தோரும் வீடிழந்தோரும் அக்குளத்தை நம்பி வாழ்ந்த மக்களே. எந்த மன்னனின் பெயரும் அன்று அவர்களைக் காக்கவில்லை.

எனவே, சுட்டெண்களை முற்றாக ஒதுக்க வேண்டும் என்பது நமது கருத்தன்று. 2012இல் சன்பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம், சஞ்சிகையின் எண்ணைக் கொண்டு தனியாய்வின் தகுதியை அளத்தலாகாது என வற்புறுத்தியது. நம் சூழலில் அதற்கும் மேலாகச் சில கடமைகள் உள்ளன. ஒரு கூற்றினை எடுத்தாளும்போது நாம் மூலத்தை நேரிற் கண்டோமா, பிறர் வழி அறிந்தோமா என்பதை வெளிப்படையாகக் கூற வேண்டும். சுட்டுக்களை எண்ணுமுன் அவை சென்று சேரும் மூலங்களை எண்ண வேண்டும். சாசனம், ஏடு, வாய்மொழி என்பவற்றைத் தனித்தனி வகைகளாகக் கொள்ள வேண்டும். ஏற்றுச் சுட்டியதையும் மறுத்துச் சுட்டியதையும் செப்பேட்டின் சட்டத் தொகுப்பைப் போல வேறுபடுத்த வேண்டும். தமிழ்ப் பெயர் மரபிற்கு ஏற்ற ஆசிரியர் அட்டவணை ஒன்றும், நம் சஞ்சிகைகளுக்கான மேற்கோட் சுட்டி ஒன்றும் தமிழிலேயே ஆக்கப்பட வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தபின், 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம முயற்சி பழைய மலர்களையும் சஞ்சிகைகளையும் மீட்டு வைத்திருப்பதால் இது இன்று இயலக்கூடியதே.

இப்பணியைத் திருகோணமலையிலிருந்து தொடங்குதல் தகும். அங்கு ஒரு மேற்கோளின் மூலத்தைச் சரிபார்ப்பது, அயலவர் இருவர் ஒரே நிலத்தைப் பற்றிப் பேசுவதற்குப் பொதுவானதோர் ஆதாரத்தைத் தேடுவதாகும். அத்தகைய ஆதாரம் ஒன்றேனும் பெரியகுளத்துக் கற்களில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றது. அதனை இரு சாராரும் தத்தம் நூல்களிற் சுட்டும் நாளே நமது ஆய்வின் பயனை அளக்கத்தக்க நாளாகும்.